ஒற்றைக் கைக்கு ஒரு முறம்

ஜலீல் பாய் இறந்த செய்தி எனக்கு அவருடைய மனைவி ஆயிஷா அக்காவின் குரலில் வந்தது. ஸ்ரீரங்கத்தில், எங்கள் வீதி முனை மருந்துக்கடையில் அப்பாவின் மாத்திரைகளுக்காக நின்றுகொண்டிருந்தேன். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. "மைதிலி, அவங்க மவுத்தாயிட்டாங்கம்மா. மெஷின்ல இருக்கும்போதே. பாதியிலயே," என்றார். அழுகை இல்லாத குரல். பின்னால் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. "வரேங்க்கா" என்றேன். மாத்திரைகளை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அப்பாவிடம் சொன்னேன். "பரமபதிச்சுட்டாரா?" என்று கேட்டார். இறப்புக்கு அவரிடம் இருப்பது அந்த ஒரு சொல்தான். யாருக்கு என்று அவர் பார்ப்பதில்லை. "நேத்திக்குக்கூட போன்ல பேசினாரே. நெட்டு வரலைன்னேன். அந்தப் பெட்டிய அணைச்சுட்டு மறுபடி போடுங்கோன்னார். வந்துடுத்து." பிறகு, "நீ கெளம்பு. நான் சாதம் வெச்சுக்கறேன்" என்றார்.

பாலக்கரையில் அவர்கள் வீடு இருக்கும் சந்துக்குள் ஆட்டோ போகாது. நான் நடந்து போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, வெள்ளைத் துணி சுற்றி, கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மதியத் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான ஓர் அம்மாள் என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார். ஆயிஷா அக்காதான் பதில் சொன்னார். "அவங்களோட வேலை பாத்தவங்க." அந்த அம்மாள் விடவில்லை. "எந்த ஆபீஸ்ல?"

ஜலீல் பாயும் நானும் பார்த்த வேலைக்கு ஆபீஸ் கிடையாது. சம்பளமும் கிடையாது. உலகம் முழுக்கப் பலர் இலவசமாகப் பயன்படுத்தும் அலுவலக மென்பொருள் ஒன்று இருக்கிறது. கடிதம் தட்டச்சு செய்யலாம், கணக்கு அட்டவணை போடலாம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டது. யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதில் கோளாறு கண்டவர்கள் ஒரு பொதுத் தளத்தில் புகார் எழுதுவார்கள். கோளாறை எழுத்தில் வழு என்போம், பேச்சில் பக். புகார்கள் மலையாகக் குவியும். ஒரே கோளாறைப் பலர் பலவிதமாக எழுதியிருப்பார்கள். எந்தப் பதிப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சிலது வெறும் வசவாகவே இருக்கும். ஒவ்வொன்றையும் படித்து, நம் கணினியில் செய்து பார்த்து, வகை பிரித்து, திருத்தத் தெரிந்தவர்களின் கண்ணில் படும்படி வைப்பதுதான் எங்களைப் போன்ற தன்னார்வலர்களின் வேலை. அதைச் சுலபமாக்க, இணைய உலாவியில் பொருத்திக்கொள்ளும் ஒரு நீட்சியை ஜலீல் பாய் எழுதினார். அதற்கு முறம் என்று பெயர் வைத்தார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அந்த முறத்தைக் கையாண்டவர்கள். அது ஏன் அப்படி இருந்தது என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் எழுதுகிறேன்.

அவரை நான் முதலில் பார்த்தது உறையூரில், ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். திறந்த மூல மென்பொருளில் ஆர்வமுள்ளவர்கள் மாதம் ஒருமுறை அங்கே கூடுவோம். நான் வீட்டிலிருந்தபடியே மென்பொருள் நிறுவனங்களுக்குக் கையேடுகள் எழுதிக்கொடுப்பவள். அந்தப் பழக்கத்தில் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு நாள், பாதிக் கூட்டத்தில் உயரமான, கறுத்து மெலிந்த ஒருவர் மூச்சு வாங்கப் படியேறி வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். இடது முழங்கையில் கட்டு. யாரோ என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். "பேட்ச் போட்ருக்காங்க. அடுத்த வெர்ஷன்ல சரியாயிரும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் போய்விட்டன என்பதை நான் தெரிந்துகொள்ள அதற்கப்புறம் பல மாதங்கள் ஆயின.

சென்னையில் ஒரு பெரிய நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவின் தலைவராக இருந்தவர். நோய் வந்தபோது முதலில் விடுப்பு கொடுத்தார்கள். அப்புறம், வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். அப்புறம் வேலையே இல்லை என்றார்கள். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒருமுறைதான் பேசினார். "நான் அங்க கோளாறு கண்டுபிடிக்கற ஆளு மேடம். கடைசில என்னையே கோளாறுன்னு எழுதிட்டாங்க." திருச்சிக்குத் திரும்பி, தன் அப்பா விட்டுப்போன பாலக்கரை வீட்டில் ஆயிஷா அக்காவோடு குடியேறினார். பிள்ளைகள் இல்லை. வாரத்தில் பாதி நாட்கள் டயாலிசிஸ் நாற்காலியில் கழிந்தன.

அந்த நாற்காலியில்தான் முறம் பிறந்தது. இடது கையில் இரண்டு ஊசிகள் குத்தியிருப்பார்கள். ரத்தம் ஒன்றின் வழியே இயந்திரத்துக்குப் போய், சுத்தமாகி, மற்றொன்றின் வழியே உடம்புக்குத் திரும்பும். மணிக்கணக்கில் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மற்றவர்கள் தூங்குவார்கள், அல்லது சுவரில் இருக்கும் டிவியைப் பார்ப்பார்கள். ஜலீல் பாய் மடிக்கணினியை ஒரு பலகையில் சாய்த்து வைத்துக்கொண்டு வலது கையால் புகார்களை வகை பிரிப்பார். ஆனால் அந்தத் தளம் இரண்டு கை உள்ளவர்களுக்காகக் கட்டப்பட்டது. ஒரு புகாரை இன்ன வகை என்று குறிக்க அங்கே இறக்கு, இங்கே தேர்ந்தெடு, கீழே உருட்டு, சேமி என்று ஆயிரம் சடங்கு. மௌஸ் வைக்க அந்த நாற்காலியில் இடம் இல்லை. ஊசிக் கை தன்னையறியாமல் உதவிக்கு வரும். இயந்திரம் கத்தும். நர்ஸ் ஓடி வந்து, "சார், அந்தக் கைய அசைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது," என்பார்.

அதனால் அவர் முறத்தைச் செய்தார். வேலை எல்லாம் விசைப்பலகையின் வலது பாதியில் இருக்கும் தனித்தனி விசைகளில். ஒன்றை அழுத்தினால் இதே மாதிரியான பழைய புகார்கள் பக்கத்திலேயே வந்து நிற்கும். இன்னொன்றை அழுத்தினால், விவரம் போதாத புகாருக்குக் கேள்வி போகும். மூன்றாவது, எனக்கும் இது நேர்கிறது என்று குறிக்கும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடம் ஒன்றுகூட அதில் இல்லை. ஏன் எல்லாம் வலது பக்கமே இருக்கின்றன என்று சிலர் தளத்தில் கேட்டார்கள். "எனக்கு அப்படி வசதி" என்று மட்டும் பதில் எழுதினார்.

விவரம் கேட்டுப் போகும் கேள்வியின் வாசகத்துக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். என்னை வைத்துத்தான் திருத்தினார். நான் எழுதிக் கொடுத்ததையெல்லாம் தள்ளினார். "இது போலீஸ் ஸ்டேஷன்ல கேக்கற மாதிரி இருக்கு மேடம். அவங்க நமக்கு உதவி பண்ண வந்தவங்க. அவங்க வேலைய நிறுத்திட்டு உக்காந்து எழுதியிருக்காங்க. அது தெரியற மாதிரி எழுதுங்க." கடைசியில் நின்ற வாசகம் இது: 'நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. நீங்கள் சொன்னதை இங்கே செய்து பார்க்க விரும்புகிறோம். அதற்கு இன்னும் ஒரு விவரம் தேவைப்படுகிறது.' இதைப் பல மொழிகளில் தன்னார்வலர்களைக் கொண்டு மொழிபெயர்த்து, புகார் எந்த மொழியில் வந்ததோ அந்த மொழியிலேயே கேள்வி போகும்படி செய்தார்.

முறம் பரவியது. நாங்கள் பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஊர்களில் எல்லாம் அதை நிறுவிக்கொண்டார்கள். அவர்களுக்கும் முறம் என்று சொல்ல வரவில்லை. ஒரு நாள் ஜலீல் பாய் என்னைக் கூப்பிட்டு ஒரு மின்னஞ்சலை வாசித்துக் காட்டினார். எங்கோ வடக்கே, பனி விழும் நாட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கைக்குழந்தைக்காரி. குழந்தையை ஒரு கையில் ஏந்திப் பால் கொடுத்துக்கொண்டே மற்றக் கையால் புகார்களைப் பிரிக்க முடிகிறது, என்னை நினைத்துச் செய்தது போல இருக்கிறது, யார் நீங்கள் என்று கேட்டிருந்தாள். "எனக்குன்னு செஞ்சது அந்தப் பொண்ணுக்கும் ஆவுது பாருங்க," என்றார். அவர் குரலில் அந்த அளவு சந்தோஷத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

மணப்பாறைப் பயணத்தையும் சொல்ல வேண்டும். செல்வராஜ் என்று ஒருவர் அங்கே பஸ் ஸ்டாண்ட் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறார். திருமணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எல்லாம் அடிப்பவர். அவர் தமிழில் ஒரு புகார் எழுதியிருந்தார். சேமித்துவிட்டேன் என்று சொல்கிறது, பென் டிரைவைக் கொண்டுபோய்ப் பிரஸ்ஸில் திறந்தால் ஒன்றுமே இல்லை, கல்யாண வீட்டுக்காரர்கள் என்னைத் திட்டுகிறார்கள் என்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் செய்து பார்த்து, எங்களுக்கு நேரவில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பதில்களுக்குக் கீழே செல்வராஜ், 'பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகிறது' என்று எழுதியிருந்தார். ஜலீல் பாய் அதைப் படித்துவிட்டு, "நாளைக்கு மெஷின் இல்ல. மணப்பாறை போயிட்டு வந்துருவமா?" என்றார்.

சித்திரை வெயில். பஸ்ஸில் எல்லோரும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். அவருக்குத் தண்ணீர் அளவுதான். ஆயிஷா அக்கா பிளாஸ்க்கில் போட்டுக் கொடுத்த ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கடைக்குப் போனதும் கணினியைத் தொடவில்லை. செல்வராஜிடம், "நீங்க எப்பவும் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்ங்க, நான் சும்மா பாக்கறேன்," என்றார். செல்வராஜ் ஒரு பத்திரிகையைத் திறந்து, மணமகன் மணமகள் பெயர், ஊர், மண்டபம் எல்லாவற்றையும் தமிழில் சேர்த்துக் கோப்புக்கு நீளமாக ஒரு பெயர் வைத்துச் சேமித்தார். சேமித்தாயிற்று என்றது கணினி. திறந்தால் கோப்பு வெறுமையாக இருந்தது.

எங்களுக்குப் புரிந்துவிட்டது. தமிழ் எழுத்து கணினிக்குள் ஆங்கில எழுத்தைவிட அதிக இடம் பிடிக்கும். பெயர் நீளும்போது வரம்பைத் தாண்டிவிடுகிறது. தாண்டியதைச் சொல்லாமல், சேமித்துவிட்டேன் என்று மென்பொருள் பொய் சொல்கிறது. ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்களுக்கு அது நேர வழியில்லை. செல்வராஜ், "அப்ப என் மேல தப்பு இல்லீங்களா பாய்?" என்று கேட்டார். "உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. நீங்க எழுதினது எழுத்துக்கு எழுத்து சரி," என்றார் ஜலீல் பாய். திரும்பும் பஸ்ஸில் என்னிடம் சொன்னார்: "புகார் குடுக்கறவங்க பொய் சொல்றதில்ல மேடம். நடந்தத அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷைல சொல்றாங்க. புரியலன்னா நாமதான் எந்திரிச்சுப் போகணும்." காரணத்தோடும் படிகளோடும் அந்தப் புகாரை அன்றே உறுதிசெய்து எழுதினார். திருத்த யாரும் முன்வரவில்லை. மூடிவிட்டால் யார் கண்ணிலும் படாது, வருகிறவரை அது திறந்திருக்கட்டும் என்று விட்டார்.

பிறகு அந்த நிறுவனம் வந்தது. பெயர் சொல்ல விரும்பவில்லை. உங்களுக்கே தெரியும். இதே இலவச மென்பொருளைப் பெரிய அலுவலகங்களுக்கு நிறுவிக் கொடுத்துப் பிழைக்கும் நிறுவனம். அதன் மேலாளர் ராகவேந்தர் திருச்சிக்கே வந்து, ஜங்ஷன் பக்கம் ஒரு ஓட்டலில் எங்கள் இருவரையும் பார்த்தார். நல்ல பேச்சு. ஜலீல் பாயை வாய்க்கு வாய் சார் என்றார். உலாவிகளின் விதிகள் மாறிவிட்டதால் நீட்சிகளை எல்லாம் புதிதாக எழுத வேண்டிய நேரம் அது. ஜலீல் பாய்க்கு உடம்பு மிகவும் தளர்ந்திருந்தது. "எங்க டீம் எழுதித் தரும் சார். நீங்க வழிகாட்டினா போதும். முறத்த எங்க பேருக்கு மாத்திக் குடுங்க, அப்பதான் வெளியிட முடியும்," என்றார் ராகவேந்தர்.

ஜலீல் பாய் யோசித்துவிட்டுச் சொன்னார். "தரேன். ரெண்டு விஷயம் மட்டும். ஒத்தக் கையால ஓடணும். யாரும் பதில் சொல்லலைங்கறதுக்காக ஒரு பக்கும் தானா மூடிக்கக் கூடாது."

"நிச்சயமா சார்," என்று ராகவேந்தர் கை நீட்டினார். ஜலீல் பாய் வலது கையைக் கொடுத்தார்.

புதிய பதிப்பு வந்தது. நீட்சிகள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்பதால், டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தபோதுதான் அவர் அதைப் பார்த்தார். முறம் என்ற பெயர் போய்விட்டது. ஆங்கிலத்தில் ஏதோ பளபளப்பான பெயர். புகார்கள் வண்ணச் சீட்டுகளாக மாறியிருந்தன. அவற்றை மௌஸால் இழுத்து இழுத்துப் பெட்டிகளில் போட வேண்டும். விசை வேண்டும் என்றால், இடது ஓரத்தில் ஒன்றை அழுத்திக்கொண்டே வலது ஓரத்தில் இன்னொன்றை அழுத்த வேண்டும். எனக்கு அங்கிருந்தே போன் செய்தார். "மேடம், ஒண்ணுமே பண்ண முடியல. சும்மா உக்காந்துட்டிருக்கேன்," என்றார். அன்று முதல்முறையாக அந்தச் சுவர் டிவியைப் பார்த்துக்கொண்டு மிச்ச நேரத்தைக் கழித்தாராம்.

கோபப்படவில்லை, அப்போது. அவர் என்ன செய்தார் என்றால், எல்லோரையும் போல ஒரு புகார் எழுதினார். 'ஒரு கை மட்டும் உள்ளவரால் இதைப் பயன்படுத்த முடியவில்லை' என்று தலைப்பு. என்ன செய்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்று வரிசையாக எழுதியிருந்தார். முறத்தைச் செய்தவன் நான் என்று ஒரு வார்த்தை இல்லை. 'மிகச் சிலரையே பாதிப்பது, முன்னுரிமை இல்லை' என்று நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பதில் எழுதினார். அடுத்த வாரம் ஜலீல் பாய் கிருமித்தொற்றுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தார். ஐசியூ, பிறகு வார்டு என்று பல வாரங்கள். வீடு திரும்பி, தலையணையில் சாய்ந்துகொண்டு தளத்தைத் திறந்தால், அந்தப் புகார் மூடப்பட்டிருந்தது. மனிதர் யாரும் மூடவில்லை. நிறுவனம் புதிதாகச் சேர்த்திருந்த தானியங்கி நிரல் ஒன்று மூடியிருந்தது. நீண்ட நாள் பேச்சில்லாத புகார்களை எல்லாம் அது தானாகவே மூடிக்கொண்டு வந்திருந்தது. மூடும்போது அது எழுதியிருந்த வரி, 'நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி' என்று ஆரம்பித்தது. அவருடைய வாசகம். அதை எடுத்துப் பூட்டுக்கு மேல் ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் இருந்த நானும் அவருமாகக் கீழே உருட்டினோம். மணப்பாறை செல்வராஜின் புகாரும் மூடப்பட்டிருந்தது. புதிய பதிப்பு ஒரு கைக்கு ஆகவில்லை என்று அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் எழுதியிருந்த புகாரும். அந்த ஒரே வீச்சில் பழைய புகார்கள் கூட்டங்கூட்டமாகப் போயிருந்தன. நிலுவை குறைந்துவிட்டது என்று நிறுவனம் ஒரு வரைபடம் போட்டு மகிழ்ந்திருந்தது. அதற்கு உங்களில் பலர் கைதட்டல் சின்னம் இட்டிருந்தீர்கள். பெயர்கள் இன்னும் அங்கே இருக்கின்றன.

அன்றுதான் கோபப்பட்டார். பொது விவாதப் பக்கத்தில் எழுதினார்: 'நீங்கள் ஒரு வழுவையும் சரிசெய்யவில்லை. சொன்னவர்களைத்தான் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள். கொடுத்த வாக்கு இரண்டு. இரண்டையும் மீறியவர் ராகவேந்தர்.' இதைவிடக் கடுமையாக ஒரு சொல்லும் அதில் இல்லை. நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். ஆனால் பெயர் குறிப்பிட்டுத் தாக்கியது தன்னார்வலர் சமூகத்தின் நடத்தை விதிகளுக்குப் புறம்பானது என்று ஒரு குழு கூடி முடிவு செய்தது. மன்னிப்புக் கேட்கும்வரை அவர் தளத்தில் எழுத முடியாது. குழுவின் அறிவிப்பில் அவருடைய உழைப்புக்கு நன்றியும் சொல்லியிருந்தார்கள். அவருக்காக அங்கே பேசியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தனியாக எனக்கு எழுதி, பாய் சொன்னது சரிதான், ஆனால் தொனி கொஞ்சம், என்று இழுத்தவர்கள் அதிகம்.

ஆயிஷா அக்காவுக்கு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. நான் இருக்கும்போதே ஒரு நாள் கேட்டார். "ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டா என்னங்க? எழுதிட்டு நம்ம வேலையப் பாக்கலாம்ல?"

"எழுதிரலாம். எதுக்கு மன்னிப்புன்னு போடணும்ல? அதுக்கு என்ன போட?" என்று கேட்டார்.

ஆயிஷா அக்கா யோசித்துப் பார்த்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

பழைய முறத்தையே புதிய விதிகளுக்கு ஏற்றபடி அவர் மறுபடி எழுதினார். படுக்கையிலும் நாற்காலியிலுமாக, ஒற்றைக் கையால். முடித்து, உலாவியின் நீட்சிக் கடையில் வெளியிட அனுப்பினார். ஏற்கெனவே உள்ள ஒரு நீட்சியின் நகல் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ளது எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கி எழுதினார். அதற்கும் தானியங்கிப் பதில்தான். "எனக்கே நான் டூப்ளிகேட்டாம் மேடம்," என்று என்னிடம் சொன்னார். பிறகு அதை அவரும் நானும் இன்னும் சிலரும் எங்கள் கணினிகளில் கையாலேயே ஏற்றிக்கொண்டோம். திறக்கும்போதெல்லாம், இது நம்பகமானதல்ல என்று உலாவி எச்சரிக்கும். எச்சரிக்கையை மூடிவிட்டு வேலையைப் பார்ப்போம். தளத்தில் அவரால் எழுத முடியாததால், செய்து பார்த்த விவரங்களை எனக்கு அனுப்புவார். நான், ஜலீல் சோதித்தது என்று குறிப்பிட்டு என் கணக்கில் இடுவேன்.

செல்வராஜின் கோளாறு கடைசியில் சரியாயிற்று. எப்படி என்பதையும் சொல்கிறேன். அந்த நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர் ஒருவருக்கு, வேறொரு மொழியில், அதே கோளாறு வந்தது. உடனே ஆள் போட்டுத் திருத்தினார்கள். திருத்தத்தின் குறிப்பில் வாடிக்கையாளருக்கு நன்றி இருந்தது. செல்வராஜ் எத்தனையோ காலம் முன்னால் எழுதிய புகாரை, இந்தப் புதிய புகாரின் நகல் என்று குறித்து வைத்தார்கள். ஜலீல் பாய் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோதே செல்வராஜ் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன். "பாய், சரியாயிருச்சு பாய். இப்பதான் அப்டேட் பண்ணேன். நீளமா பேரு வெச்சும் நிக்குது. உங்களாலதான் பாய்."

"உங்களாலதாங்க. நீங்க எழுதலைன்னா யாருக்குத் தெரியும்," என்றார் ஜலீல் பாய். நகல் விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு மடிக்கணினியை மூடி ஓரமாக வைத்தார்.

அவர் இறந்த சில நாட்களில், அதே உறையூர் மாடியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அவ்வளவு கூட்டத்தை அங்கே நான் பார்த்ததில்லை. நிறுவனம் அச்சடித்து அனுப்பிய பெரிய பேனரில் ஜலீல் பாய் சிரித்துக்கொண்டிருந்தார். எப்போதோ எடுத்த குழுப் படத்திலிருந்து வெட்டியது. பக்கத்தில் நின்ற யாருடைய தோளோ ஓரத்தில் தெரிந்தது. ராகவேந்தர் திரையில் தோன்றிப் பேசினார். குரல் தழுதழுத்தது. ஜலீல் பாய் பெயரில் ஆண்டுதோறும் சிறந்த தன்னார்வலருக்கு விருது தரப்போவதாக அறிவித்தார். கை தட்டினார்கள். "ஜலீல் சார் யார் மேலயும் வருத்தம் வெச்சுக்கத் தெரியாதவர். கடைசி வரைக்கும் எங்கள மனசார வாழ்த்திட்டுதான் போனார்," என்றார்.

முன் வரிசையில் இருந்த ஆயிஷா அக்கா எழுந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரையைப் பார்த்துக் கேட்டார். "தம்பி, அந்த ஒத்தக் கை விஷயம் சரி பண்ணிட்டீங்களா?"

ராகவேந்தருக்கு முதலில் கேட்கவில்லை. மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அக்கா அதே குரலில் மறுபடியும் கேட்டார்.

"அது... பரிசீலனைல இருக்குங்கம்மா."

"சரி தம்பி," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அடுத்து என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். அக்கா கேட்டதற்கு மேல் எனக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து நின்று, நன்றி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அங்கே சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். ஜலீல் பாய் யாரையும் வாழ்த்திவிட்டுப் போகவில்லை. வருத்தம் வைத்திருந்தார். இறப்பதற்கு முந்தின வாரம்கூட, ராகவேந்தர் பார்க்க வரட்டுமா என்று கேட்டனுப்பியதற்கு, "சரி பண்ணிட்டு வரச் சொல்லுங்க," என்றார். அவரை மன்னிப்பே உருவானவராக ஆக்கி, மாலை போட்டு, விருது வைத்து முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது தொந்தரவாக இருக்கும். இருக்கட்டும். எங்கோ ஒரு கடையில் உட்கார்ந்து எழுதத் தெரியாமல் எழுதிய மனிதருக்காக வெயிலில் பஸ் ஏறியவர் அவர். அந்த மனிதரைப் பொய்யர் ஆக்கியவர்களை அவர் சும்மா விடவில்லை. அந்தப் பரிவும் இந்தக் கோபமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைப் புதைக்க எனக்கு மனம் இல்லை.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தை. அது என்னிடம் வந்து இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் விரும்பவும் இல்லை.